பிக்கப் வாங்கும் முன்: எந்த லோடு, எந்த ரோடு?

நீலகிரியில் கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறவரிடம் எந்த பிக்கப் நல்லது என்று கேட்டால், பேச்சு முதலில் பிரேக்குக்குத்தான் போகும். மலை ஏறும்போது அவர் வண்டி காலி. இறங்கும்போதுதான் லோடு. குன்னூரிலிருந்து பர்லியார் வரைக்கும் வளைவுக்கு வளைவு வண்டியைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. அதே மலைக்கு சிமென்ட்டும் கம்பியும் ஏற்றிப் போகிறவருக்குக் கணக்கு தலைகீழ். அவருக்குக் குறைந்த வேகத்தில் இழுக்கும் என்ஜின் வேண்டும், கிளட்ச் பிளேட் தாங்க வேண்டும். நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றுகிறவர் இரண்டையும் விட்டுவிட்டுத் துருவைப் பற்றிப் பேசுவார். ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து தொட்டியின் அடிவழியே சேஸில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஆக, ஒரே கம்பெனி வண்டியை ஒருவர் புகழ்வார், இன்னொருவர் திட்டுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். நாம் ஏற்றப்போகும் சரக்கை, நாம் போகப்போகும் சாலையில் ஓட்டுகிறவர் சொல்லும் பதிலுக்கே மதிப்பு.

விலையை வைத்து மட்டும் ஒப்பிடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 2005-ல் வந்த டாடா ஏஸ், இரண்டு சிலிண்டரும் சுமார் 700 சிசி-யும் 16 குதிரைத்திறனும் கொண்ட என்ஜினோடு, 750 கிலோ ஏற்றிக்கொண்டு ஊருக்குள் சந்து பொந்தெல்லாம் நுழைவதற்காகச் செய்யப்பட்டது. ஒசூரில் தயாராகி 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் வண்டி. மஹிந்திரா பொலிரோ பிக்கப் இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜினோடு 1.3 டன், 1.7 டன் என்று பல அளவுகளில் வருகிறது. மூன்றும் வெவ்வேறு வேலைக்கானவை. 750 கிலோ என்பது 15 மூட்டை சிமென்ட். குட்டியானை என்று அழைக்கப்படும் ஏஸில் 30 மூட்டை அடுக்கிவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்வது அநியாயம்.

விளம்பரத்தில் இருக்கும் எடையையும் அப்படியே நம்பக் கூடாது. ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்து, டிரைவர், கூட வருகிறவர், மேலே அடிக்கும் கம்பிக்கூண்டு, தார்ப்பாய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மிஞ்சுவதே லோடு. சிஎன்ஜி வண்டியில் சிலிண்டர் எடையும் சேரும். மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோல் வகையைவிட சிஎன்ஜி வகை 100 கிலோவுக்கு மேல் குறைவாகத்தான் ஏற்றும். ஓவர்லோடுக்கு 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் மேலே. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை என்பதையும் அளவைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசித்துக்கொள்ள வேண்டும்.

தரத்தைப் பார்க்க ஷோரூம் சரியான இடம் அல்ல. அங்கே எல்லா வண்டியும் மினுக்கும். வாடகை வண்டி ஸ்டாண்டில் ஐந்தாறு வருடம் ஓடிய அதே மாடலைத் தேடி, உரிமையாளரிடம் சொல்லிவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். பின்பக்கக் கமான் பட்டைகளில் பழையவை துருவேறிப் பழுப்பாகவும், ஒன்று மட்டும் கறுப்புப் பெயின்ட் கலையாமலும் இருந்தால் அது பிறகு சேர்த்த பட்டை. ஒரு வண்டியில் அப்படி இருந்தால் அந்த உரிமையாளரின் பழக்கம். அந்த மாடல் வண்டிகள் பலவற்றிலும் அப்படி இருந்தால், அந்த ஊர் லோடுக்குக் கம்பெனி கொடுத்த பட்டை போதவில்லை. கேபினுக்குப் பின்னால் சேஸில் வெல்டிங் வைத்த தழும்பு, முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பது, பின்சக்கர டிரம்மின் உள்பக்கம் ஆயில் கசிந்த கறை, இந்த மூன்றும் எந்த விற்பனைப் பிரதிநிதியையும்விட வெளிப்படையாகப் பேசும். டெஸ்ட் டிரைவையும் காலி வண்டியில் எடுத்துப் பயனில்லை. டெமோ வண்டியில் நம் சரக்கையே ஏற்றி, நம் ஊர் மேட்டில் பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். கொஞ்சம் வற்புறுத்தினால் ஒத்துக்கொள்ளும் டீலர்கள் உண்டு.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டியில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, வண்டி சூடேறித் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தெருத்தெருவாக நின்று நின்று தண்ணீர் கேன் போடுகிற வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்காது. எச்சரிக்கை விளக்கு எரிவதைக் கவனிக்காமல் ஓட்டினால் இழுவை குறைந்து, கடைசியில் சர்வீஸ் சென்டரில் போய் நிற்கும். இப்படி ஓடுகிறவர்களுக்கு பெட்ரோலோ சிஎன்ஜியோதான் பொருத்தம்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் ஒரு நடை போக வேண்டும். கிளட்ச் செட், பிரேக் ஷூ, இன்ஜெக்டர், முன் கண்ணாடி ஆகியவற்றின் விலையை மட்டுமல்ல, இன்றைக்கே கடையில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மூன்று நாள் வண்டி நின்றால் வாடகை போகும், டியூ நிற்காது. வாரண்டியை வருடக் கணக்கில் பார்க்காமல் கிலோமீட்டரில் பார்ப்பது நல்லது. தினம் 200 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள் ஓடுகிற பால் வண்டி 60,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால், அந்த உரிமையாளருக்கு அது இரண்டு வருடம்கூட வராது.