பழைய மோட்டார் வண்டியும் அதன் திருகாணிகளும்

பழஞ்சுவடியொன்றைப் பதிப்பிக்கப் புகுந்தவர், ஏடு சிதைந்த இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லைப் பெய்துவிடுவாராயின், நூல் நிரம்பியதுபோல் தோன்றும். ஆனால் அஃது அந்நூலாசிரியர் வாக்காகாது. பழைய மோட்டார் வண்டியைச் செப்பனிடுவோர்க்கும் இவ்விதி பொருந்தும். வர்ணம் தீட்டுவதில் பெருங்கவனம் செலுத்துவோரிற் பலர், காணாமற்போன திருகாணிக்குப் பதிலாகக் கடையில் அகப்பட்டதைப் பூட்டிவிடுகின்றனர். இதனால் விளையும் கேடு இரண்டு. ஒன்று, உலோகம் பழுதாதல். மற்றொன்று, வண்டியின் சரித்திரம் பொய்யாதல்.

முதலாவதை முதலில் ஆராய்வோம். திருகாணியின்மேல் சுற்றிச் செல்லும் வரிக்கு மரை என்று பெயர். முற்காலத்தில் பட்டறைதோறும் மரை வேறுபட்டது. இக்குழப்பம் நீங்க, 1841-இல் ஜோஸப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் பொது அளவொன்றை வகுத்தார்; அதன் மரைக்கோணம் 55 பாகை. 1864-இல் அமெரிக்கராகிய வில்லியம் ஸெல்லர்ஸ் 60 பாகைக் கோணமுடைய வேறோர் அளவை முன்மொழிந்தார். அரை அங்குலத் திருகாணியில், அங்குலத்திற்கு ஆங்கில மரை 12. அமெரிக்க மரை 13. ஆதலின் ஒன்றில் மற்றொன்றை ஏற்றினால், சில சுற்றுக்களிலேயே இறுகி நின்று தவற்றைத் தானே அறிவித்துவிடும். எட்டில் மூன்று அங்குலத் திருகாணியிலோ இரண்டிற்கும் 16 மரைகளே. கோணம் மாறுபட்டிருந்தும் நட்டு பெரும்பாலும் ஏறிவிடும். பக்கங்கள் நன்கு படியாமையின் பிடிப்புக் குறையும். வெளிப்படையான பகையினும் இணங்கியதுபோல் நிற்கும் பகையே அஞ்சத்தக்கது.

ஆங்கில வண்டிக்கு ஆங்கில மரை என்று கொண்டால் போதாதோ எனின், போதாது. 1919 முதல் மாரிஸ் வண்டிகளுக்கு எஞ்சின் செய்தளித்தது, பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் கம்பெனி இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் நடத்திய தொழிற்சாலை. அங்கிருந்த யந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுவன. ஆங்கிலத் தொழிலாளர் கையிலிருந்த ஸ்பானர்களோ விட்வொர்த் அளவின. ஆதலின் மரை மெட்ரிக்காகவும் தலை ஆங்கில அளவாகவும் திருகாணிகள் அமைந்தன. 1923-இல் தொழிற்சாலை மாரிஸ் வசமான பின்னும் இவ்வழக்கம் நீடித்தது. தலையை மட்டும் கண்டு மரையைத் துணிபவன், வார்ப்பிலுள்ள பழைய மரையை அறுத்துவிடுவான். பல் வெட்டிய தகடுகளாலாகிய மரையளவியை வைத்துப் பார்த்தலே தக்கது.

இனிச் சரித்திரத்தை நோக்குவோம். ஹென்றி போர்டு 1908 முதல் 1927 வரை செய்த டி மாடல் வண்டியை எடுத்துக்கொள்வோம். சிலுவைக் குழியுடைய பிலிப்ஸ் திருகாணி மோட்டார்த் தொழிலில் புகுந்தது 1936-இல். நைலான் உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1938-இல். ஆதலின் சிலுவைத் தலையோ நைலான் வளையமிட்ட நட்டோ அவ்வண்டியிற் காணப்படுமாயின், அது பிற்காலத்து இடைச்செருகலே. கோட்டை மதில்போற் பள்ளம் வெட்டிய நட்டும், அதனூடு செருகிய காட்டர் பின்னுமே அக்காலத்துக்கு உரியவை. ஆயினும், புதுமையாகத் தோன்றுவதெல்லாம் பிழையன்று. கனடாவில் கட்டப்பட்ட டி மாடல்களில், சதுரக் குழியுடைய ராபர்ட்ஸன் திருகாணிகள் அந்நாளிலேயே வழங்கின. அவற்றைப் பிற்காலத்தன என்றெண்ணிக் களைபவன் மெய்யையே களைகின்றான். எனவே, கழற்றுமுன் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, இருந்த இடத்தையும் அளவையும் குறித்தல் வேண்டும்.

பழமையைப் போற்றுதல் என்பது துருவேறிய ஆணியிலே உயிரை ஒப்புவித்தல் அன்று. பிரேக், ஸ்டீரிங் ஆகிய உறுப்புக்களில், தேய்ந்தனவும் விரிசல் கண்டனவும் ஆகிய திருகாணிகளை நீக்கி, வலிமைமிக்க புதிய எஃகினால், பழைய மரையும் பழைய தலையும் அமையச் செய்து பூட்டுக; அம்மாற்றத்தை வண்டியின் குறிப்பேட்டில் எழுதி வைக்க. மாணவ நண்பர்களே, நமக்குப் பின் அவ்வண்டியைத் திறப்பவர் எது பழையது எது புதியது என்று ஐயமின்றி அறிவராயின், நம் பணி நேர்மையான பணியாகும்.