உலை வைக்குமுன் ஒரு பிடி

என் ஆச்சி வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்கு மேலே ஓர் ஓலைக் கொட்டான் தொங்கும். சாத்தான்குளம் பக்கம், தேரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. பனையோலையில் முடையாத பொருளே அங்கே கிடையாது. இந்தக் கொட்டான் மிகச் சிறியது; இரண்டு உழக்கு அரிசி பிடித்தால் அதிகம். ஆச்சி தினமும் உழக்கால் அரிசியை அளந்து சுளகில் போடுவாள். போட்ட கையோடு அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொட்டானில் இடுவாள். அதன் பிறகுதான் புடைப்பது, களைவது, உலையில் இடுவது எல்லாம்.

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசி பழக்கமான சங்கதிதான். வாரக் கடைசியில் உபதேசியார் வீட்டம்மா சாக்கோடு வருவார். ஒவ்வொரு வீட்டு அரிசியும் அதில் சேரும். விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும்.

"ஆச்சி, சோறு ஆக்கின பிறகு குடுத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். அப்போது எனக்கு ஏழெட்டு வயது.

"பொங்கித் தின்னுட்டு மிஞ்சினா குடுப்போம்னு இருந்தா, மிஞ்சவே மிஞ்சாதுட்டி" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். மொத்த மருந்து வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனேன். பாட்டுக் குழுவில் பாடினேன். பார்ப்பவர்களுக்கு நான் நல்ல விசுவாசிதான். ஆனால் ஜெபத்துக்கு நான் கொடுத்தது, நாள் முழுதும் செலவழித்து மிஞ்சிய நேரம். வேதத்துக்குக் கொடுத்தது, மிஞ்சிய கண்பார்வை. ஒரு ராத்திரி மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். காலையில் அவள் சொன்னாள்: "அம்மா, நீ ஆமென் சொல்லாமலே தூங்கிட்டே." அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். எனக்கு ஆச்சியின் கொட்டான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்ட சிலவற்றை இங்கே பகிர்கிறேன். என்னைப் போல் ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்கு உதவலாம்.

பால் பொங்கும் நேரம்

முதலில் நான் செய்தது தவறு. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பதென்று முடிவெடுத்தேன். நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் எழவில்லை. ஆறாம் நாள் குற்ற உணர்வு. ஆச்சி ஒருநாளும் மூட்டையைத் தூக்கிக் கொடுத்ததில்லையே, ஒரு பிடிதானே கொடுத்தாள் என்று பிறகுதான் தோன்றியது.

அதனால் சின்னதாகத் தொடங்கினேன். காலையில் அடுப்பில் பாலை வைத்து அது பொங்குவதற்குள் ஒரு சிறு பகுதியை வாசிப்பது. கைபேசியைத் தொடுவது அதற்குப் பிறகுதான். 119-ஆம் சங்கீதம் 176 வசனம் கொண்டது. வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம். அதைக் கண்டாலே பக்கத்தைத் தள்ளிவிடுவேன். ஆனால் அது எட்டெட்டு வசனமாக 22 பகுதிகளாய்ப் பிரிந்திருக்கிறது. எபிரெய மொழியின் 22 எழுத்துகளில் எழுத்துக்கு ஒரு பகுதி. பால் பொங்க எட்டு வசனம் சரியாக இருந்தது. 22 நாளில் முடித்தேன். நீங்களும் அதிலிருந்தே தொடங்கலாம்.

வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டியிருந்தது. மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்துப்போனதாக யாத்திராகமம் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்ட நல்ல பிரசங்கத்தை வைத்து வியாழக்கிழமைவரை ஓட்டிவிடலாமென்று நினைத்திருந்த எனக்கு அந்தப் பகுதி நல்ல பாடம்.

கைக்கு எட்டும் இடம்

எங்கள் வீட்டு வேதாகமம் முன்னறைக் கண்ணாடி அலமாரியில், உறை போட்டு, அழகாக இருந்தது. அங்கே போய் எடுப்பதே ஒரு வேலை. கொட்டான் அரிசிப் பானைக்கு மேலே தொங்கியதால்தானே ஆச்சி கை தானாக அதற்குப் போனது? சின்ன எழுத்தில் ஒரு வேதாகமம் வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். இப்போது அதன் ஓரமெல்லாம் மஞ்சள் கறை. இருக்கட்டும்.

பிறருக்காக ஜெபிப்பதற்கும் இதே வழிதான். வேலைக்குப் போகும் பேருந்தில் முக்கால் மணி நேரம் போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் ஆளை வைத்துக்கொண்டேன். முதல் நிறுத்தம் மகள். அடுத்தது வேலை தேடும் தம்பி. அதற்கடுத்தது மாடி வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மா. கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அந்த நிறுத்தம் வந்தால் அந்த முகம் வந்துவிடும். ஏற்கெனவே செய்யும் வேலை ஒன்றோடு ஜெபத்தைக் கட்டிவிட்டால் மறக்காது.

சம்பளக் கவர்

பணத்திலும் நான் மிச்சத்தைத்தான் கொடுத்துவந்தேன். காணிக்கைப் பை வரிசைக்கு வரும்போது பர்சைத் துழாவி, கையில் அகப்பட்ட நோட்டை மடித்துப் போடுவேன். இப்போது சம்பளம் வந்த அன்றே ஒரு கவரில் தனியாக எடுத்துவைக்கிறேன். வாடகைக்கும் பால் கணக்குக்கும் முன்னால் அந்தக் கவர். தொகை பெரிதில்லை. ஆனால் யாராவது கஷ்டமென்று வந்து நின்றால் "பார்க்கலாம்" என்று நான் இழுப்பதில்லை. அவர்களுக்கென்று எடுத்துவைத்தது ஏற்கெனவே இருக்கிறது.

சாறிபாத் ஊர் விதவையிடம் பஞ்ச காலத்தில் இருந்ததும் ஒரு பிடி மாவுதான். எலியா அவளிடம் கேட்டது, முதலில் தனக்கு ஒரு சிறு அடை, பிறகு அவளுக்கும் மகனுக்கும். 'முதலில்' என்ற அந்தச் சொல்லைச் சின்ன வயதில் கவனிக்காமலே எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன்.

திருவிருந்துக்குமுன் ஒரு போன்

இது சொல்லக் கஷ்டமான பகுதி. எங்கள் பிரிவில் ஓர் இளைஞன் பில்லைத் தப்பாகப் பதிந்துவிட்டான். எல்லார் முன்னாலும் அவனைக் கடுமையாகப் பேசினேன். அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் கோப்புகளைப் பார்த்தபோது தப்பு என் மேசையிலேயே தொடங்கியிருந்தது தெரிந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாமென்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு திருவிருந்து ஆராதனை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன மத்தேயு ஐந்தாம் அதிகாரம் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று அவனுக்குப் போன் செய்தேன். "தம்பி, வெள்ளிக்கிழமை நான் பேசினது தப்பு. தப்பும் என்னுடையதுதான். மன்னிச்சிடுப்பா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "பரவாயில்லை மேடம். நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்" என்றான். நியாயம்தான். எல்லார் முன்னாலும் காயப்படுத்தியதை ஒதுக்குப்புறமாய் ஆற்ற முடியாது. திங்கட்கிழமை சொன்னேன். அந்த நிறுவனத்தில் என் விசுவாசத்தைப் பற்றி யாராவது நல்லபடியாக நினைத்திருந்தால் அது அந்த ஒரு நாளினால்தான்.

ஒப்புரவைப் போலவே நட்பைப் பற்றியும் ஒன்று கற்றுக்கொண்டேன். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-ல் திருநெல்வேலிச் சபையார் தங்கள் சொந்தக் காணிக்கையால் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர்; 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். 1910-ல் எடின்பரோ மாநாட்டில், மிஷனெரிகளின் தியாகத்தையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நட்பையும் தாருங்கள் என்று மன்றாடினார். கொடுப்பவராகவே இருந்துகொண்டு சமமாக உட்கார மறுப்பவர்களிடம் கேட்ட கேள்வி அது. அதை வாசித்த பிறகு, எங்கள் அலுவலகத்தைப் பெருக்க வரும் அக்காவுக்குப் பண்டிகைக்குப் புடவை கொடுப்பதோடு நிற்பதில்லை. பதினொரு மணி டீயை அவரோடு உட்கார்ந்து குடிக்கிறேன்.

பிடி சிறுத்தால்

மழை பொய்த்த ஒரு வருஷம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கிணறு வற்றிவிட்டது. ஓர் உழக்கு அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறு பேர் குடித்தோம். அன்றும் ஆச்சியின் கை கொட்டானுக்குப் போனது. ஆனால் அன்று எடுத்தது பிடி அல்ல. மூன்று விரலால் கிள்ளியெடுத்த கொஞ்சம்.

"இத்தினியூண்டு போட்டு என்ன ஆவப் போவுது, ஆச்சி?"

"பிடி சிறுத்தது ஏன்னு ஆண்டவருக்குத் தெரியும்ட்டி. கொட்டானத் தொடாம விட்டோம்னாத்தான் நமக்கு மறந்துபோவும்."

அப்பா பக்கவாதத்தில் விழுந்து மருத்துவமனையில் கிடந்த நாற்பத்தோரு நாளும் இந்தப் பேச்சுதான் என்னைத் தாங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வாசித்தால் எழுத்து ஓடும். பாட வாய் வராது. காலையில் என்னால் எடுக்க முடிந்தது இரண்டே சொல்: "ஆண்டவரே, அப்பா." அதையே கிள்ளிப் போட்டேன். அப்பா பிழைக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அடக்கத்துக்கு மறுநாள் காலையிலும் பாலை வைத்துவிட்டு என் கை மஞ்சள் கறை படிந்த அந்தப் புத்தகத்துக்குத்தான் போனது. பழகிய கை எனக்கு முன்னால் போய்விட்டது.

அதன் பிறகு ஒருமுறை களக்காடு பக்கம் டோனாவூருக்குப் போயிருந்தேன். அயர்லாந்திலிருந்து வந்து அங்கே பிள்ளைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டார். 1951-ல் மறையும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டு, பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கழித்தார். ஓடியாடிப் பிள்ளைகளை மீட்டவருக்கு மிஞ்சியது ஒரு கட்டிலும் பேனாவும். அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் கல்லறைக் கல்லுக்குப் பதிலாகப் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. அதன்முன் நின்றபோது ஆச்சியின் மூன்று விரல்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகவே, உங்களுக்கு இது வறட்சி வருஷமாக இருந்தால் பெரிய பிடிக்காகக் காத்திருக்க வேண்டாம். எட்டு வசனம் முடியாவிட்டால் ஒன்று. அதுவும் முடியாவிட்டால் ஆண்டவர் பேர் மட்டும். அந்த நேரத்தையும் இடத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சாக்கின் வாயைப் பிடித்தவள்

சனிக்கிழமைகளில் உபதேசியார் வீட்டம்மா வரும்போது சாக்கின் வாயை விரித்துப் பிடிப்பது என் வேலை. அவரோடு கூடவே நாலைந்து வீடு போவேன். ஒரு வீட்டில் வெள்ளைப் பச்சரிசி கொட்டுவார்கள். ஒரு வீட்டில் சிவப்புப் புழுங்கல். ஒரு வீட்டில் ரேஷன் அரிசி. நாலு வீடு தாண்டியதும் உள்ளே கையை விட்டுப் பார்ப்பேன். எது யார் வீட்டு அரிசி என்று சொல்லவே முடியாது.

விசுவாசம் வற்றிப்போனதுபோல் தோன்றும் ஞாயிறுகளில், கோயிலுக்கு எதற்குப் போகவேண்டும், எனக்குத்தான் பாட்டே வரவில்லையே என்று மனம் பின்வாங்கும். அப்போது அந்தச் சாக்கை நினைத்துக்கொண்டு புறப்படுகிறேன். என் பக்கத்தில் நிற்பவர் முழுக் குரலில் பாடுகிறார். பின்வரிசையில் யாரோ அழுதுகொண்டே பாடுகிறார். நான் உதட்டை அசைக்கிறேன். எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பாட்டு மேலே போகிறது. வறட்சி வருஷத்தில் ஆச்சி மூன்று விரலால் கிள்ளிப் போட்ட அரிசியும் ஊரார் அரிசியோடு அதே சாக்கில்தான் விழுந்தது. அதன் வாயைப் பிடித்திருந்தவள் நான்.