சிவந்த பழம் தரும் குறுஞ்செடி எது?

கேள்வி: பீங்கான் தொட்டியில் அழகுக்காக வளர்க்கத்தக்க, சிவந்த சிறுபழங்கள் தரும் செடி எது? குன்றிமணியை வளர்க்கலாமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் இயல்பாக வளரும் குரங்கு வெற்றிலை இதற்கு மிகவும் ஏற்றது. தாவரவியலில் கார்மோனா ரெட்டுசா எனப்படும் இக்குறுஞ்செடி, குட்டை மரம் வளர்க்கும் போன்சாய் கலையில் சீன மாநிலம் ஒன்றின் பெயரால் ஃபூகியன் தேயிலை என்று வழங்குகிறது. நுனியில் பற்கள் கொண்ட சொரசொரப்பான சிற்றிலைகளுக்கிடையே வெண்ணிறப் பூக்கள் மலர்ந்து, ஏறத்தாழ 5 மி.மீ. அளவுள்ள உருண்டைக் காய்களாகிப் பழுக்கையில் சிவக்கின்றன. கத்தரிப்பைத் தாங்குவதால் வேலியாகவும் வளர்க்கப்படுகிறது. மெருகூட்டிய பீங்கான் சுடுமண்ணைப்போல் ஈரத்தை வெளிவிடாது என்பதால், தொட்டியின் அடியில் வடிதுளை இருப்பது இன்றியமையாதது.

குன்றிமணியோ குறுஞ்செடியன்று, கொடி; கருமுனையுடன் சிவந்து தோன்றுவதும் பழமன்று, விதை. அவ்விதையிலுள்ள அப்ரின் என்னும் நச்சுப்புரதம் உயிரணுக்களின் புரத உற்பத்தியைத் தடுப்பதால், அதை மென்று விழுங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அக்கொடியைத் தவிர்ப்பதே நலம்.