இண்டி பேரும் இனிஷியலும்



செயற்கை நுண்ணறிவுக்கென நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றாத நிலையில் மாநிலங்கள் அதை எவ்வாறு நெறிப்படுத்துகின்றன என்பதை ஆராய ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீ சிட்டி ஏற்ற இடம். 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டமான இவ்வட்டாரத்தில் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்குகின்றன, தமிழ்நாட்டின் எல்லையோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

சட்டமியற்றும் அதிகாரத்தை ஒன்றியம், மாநிலம், பொது என மூன்று பட்டியல்களாகப் பகுப்பது அரசமைப்பின் ஏழாம் அட்டவணை. எப்பட்டியலிலும் இல்லாத பொருள் 248ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றத்தையே சேரும் என்பதால் மாநிலங்களின் கை கட்டப்பட்டிருப்பதாகத் தோன்றும். ஆயினும் காவல்துறை, மக்கள் நல்வாழ்வு, வேளாண்மை ஆகியவை மாநிலப் பட்டியலில் இருப்பதால், அத்துறைகள் எந்த மென்பொருளை எந்த நிபந்தனையின்பேரில் வாங்கலாம் என்று விதிக்கும் உரிமை மாநில அரசுக்கு உண்டு.

தமிழ்நாடு 2020 செப்டம்பரில் வெளியிட்ட பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை இவ்வழியில்தான் சென்றது. அரசுத் துறை ஒரு மென்பொருளை மக்களிடம் கொண்டுசெல்லுமுன் சமத்துவம், அந்தரங்கம், தவறான பயன்பாடு முதலிய கூறுகளில் அதை 'டீப்-மாக்ஸ்' என்னும் மதிப்பெண் அட்டையால் அளக்கச் சொல்கிறது. அதன் கூர்மையான பகுதி தரவுப் பற்றாக்குறை குறித்தது; அதாவது, பயிற்சித் தரவில் யார் குறைவோ அவர்களிடமே இயந்திரம் மிகுதியாகத் தவறும் என்னும் எச்சரிக்கை.

ஸ்ரீ சிட்டிக்கு அருகிலுள்ள சத்தியவேட்டில் வாழும் ஒரு முனியம்மாளை எண்ணிப் பாருங்கள். தெலுங்கு வழக்கில் 'இண்டி பேரு' என்னும் குடும்பப் பெயர் முன்னே வரும், தமிழ் வழக்கில் தந்தையின் பெயர் இனிஷியலாகும். இவ்விரு வழக்குகளிலும் எழுதப்பட்ட ஆவணங்களை ஒப்பிடும் மென்பொருள் ஒருத்தியை இருவராகவோ, இரு முனியம்மாள்களை ஒருத்தியாகவோ கணித்தால், அடுத்த மாத ரேஷன் அரிசி நின்றுவிடும். இது வெறும் ஊகமன்று: தெலங்கானாவில் 2016 முதல் கணினிக் கணிப்பை நம்பி நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் சென்று சரிபார்க்குமாறு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் கொள்கை என்பது சட்டமன்று. அரசு தனக்குத்தானே விதித்துக்கொண்ட ஒழுங்கு அது, மீறினால் தண்டம் இல்லை, தனியார் தொழிற்சாலை வாயிலின் முகமறி கேமராவை அது தொடுவதும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2024 மே மாதம் சட்டமே இயற்றி, வேலை, கடன், வீடு பற்றிய முடிவுகளில் மென்பொருள் பாகுபாடு காட்டாதவாறு நிறுவனங்களுக்குக் கடமை விதித்தது. அதன் அமலாக்கம்கூட 2026 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இந்தியாவில் தனிமனிதத் தரவுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் உண்டெனினும், 2025 நவம்பரில் வெளியான ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகள் செயற்கை நுண்ணறிவுக்குத் தனிச்சட்டம் இப்போதைக்குத் தேவையில்லை என்றே கூறுகின்றன.

ஆகவே இன்றைக்கு மாநிலத்தின் உண்மையான பிடி மென்பொருள் வாங்குவதற்கான டெண்டர் ஆவணத்தில்தான் இருக்கிறது. பெயர் தவறாக நீக்கப்பட்டவர் எந்த அலுவலரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் பதில் பெறுவது என்னும் இரண்டு வரிகள் அதில் உள்ளனவா என்றுதான் முதலில் தேட வேண்டும்.