மென்பொருள் நிறுவனம் கைமாறினால் வாங்கியவரின் உரிமை என்ன ஆகும்?

கேள்வி (சுருக்கம்): காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டு ஜக்கார்டு அட்டை அடித்துத் தரும் வாசகர் ஒருவர், ஏழு ஆண்டுகளுக்கு முன் சென்னை டீலர் ஒருவரிடம் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயை ஒரே தடவையில் கட்டி டிசைன் மென்பொருள் வாங்கினார். ஆயுளுக்கும் அது அவருடையது என்று டீலர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். பின்னர் அந்தச் சிறிய நிறுவனத்தை அதன் போட்டியாளரான பெரிய நிறுவனம் விலைக்கு வாங்கியது. பழைய மென்பொருள் நிறுத்தப்படுகிறது, ஆண்டுச் சந்தாவுக்கு மாறவும் என்று மின்னஞ்சல் வந்து ஒன்றரை ஆண்டாகிறது. நான்கு மாதங்களுக்கு முன் கணினி பழுதானது. புதிய கணினியில் மென்பொருளை ஏற்றினால் ஆக்டிவேஷன் ஆகவில்லை. பார்டர், முந்தானை, புட்டா என்று சேர்த்து வைத்த டிசைன்கள் எல்லாம் வேறு மென்பொருளில் திறக்காத கோப்புகளாகக் கிடக்கின்றன. பில் கைவசம் இல்லை. பெரிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாமா?

பதில்: ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குவது மட்டும் வாடிக்கையாளருக்கு வழக்குத் தொடரும் உரிமையைத் தராது. பிடித்த மென்பொருள் பிடிக்காதவர் கைக்குப் போனது மனவருத்தம். சட்டத்தின் கண்ணில் அது குறை ஆகாது. இந்த வழக்கைத் தீர்மானிக்கும் புள்ளி ஒன்றுதான்: அந்த ஒன்றே முக்கால் லட்சத்துக்கு எழுத்தில் என்ன தரப்பட்டது?

மென்பொருள் விற்பனையில் வாங்குபவர் கைக்கு வருவது பயன்படுத்தும் உரிமம். பதிப்புரிமை தயாரித்தவரிடமே இருக்கும். உரிமத்தில் மூன்று விஷயங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். முதலாவது, வாங்கிய பதிப்பைப் பயன்படுத்தும் காலம். அது காலவரையற்றதா, ஆண்டுக்கணக்கா? இரண்டாவது, புதிய பதிப்புகளும் பழுதுநீக்க உதவியும். இவை பெரும்பாலும் தனிக் கட்டணத்தில் அடங்குபவை. அவற்றை நிறுத்தினால் குறை சொல்ல இடம் குறைவு. மூன்றாவது ஆக்டிவேஷன். காலவரையற்ற உரிமத்தை விற்றுவிட்டு, அதைத் திறக்கும் சாவியான சர்வரை மூடினால், விற்ற பொருளையே திரும்பப் பிடுங்கியதாக வாதிட முடியும். வாசகரின் வழக்குக்கு உயிர் இருந்தால் அது இந்த மூன்றாவதில் இருக்கிறது. புதுப் பதிப்பு வரவில்லை, போனை எடுப்பதில்லை என்பவற்றை முன்னே வைத்தால் வழக்கு நீர்த்துப்போகும்.

எதிர்த்தரப்பு யார் என்பதும் கைமாறிய விதத்தைப் பொறுத்தது. பங்குகளை வாங்கியிருந்தால் பழைய நிறுவனம் புது முதலாளியின் கீழ் உயிரோடு இருக்கிறது. அதன் பொறுப்புகளும் அதனோடு இருக்கும். இரண்டும் இணைந்து ஒன்றாகியிருந்தால், இணைப்புத் திட்டத்தின்படி கடமைகள் பொதுவாகப் புதியவரைச் சேரும். மென்பொருளையும் பெயரையும் மட்டும் சொத்தாக வாங்கியிருந்தால், எந்தக் கடமை யாரைச் சேரும் என்பதை அவர்களுக்குள் போட்ட ஒப்பந்தம்தான் சொல்லும். ஆகவே பழைய நிறுவனம், புதிய நிறுவனம், பில் கொடுத்த டீலர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது பாதுகாப்பு.

வாடிக்கையாளர் கோபம் சட்டத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வெளிநாட்டு முன்னுதாரணங்கள் உண்டு. ஆரக்கிள் நிறுவனம் 2003 ஜூனில் போட்டியாளரான பீப்பிள்சாஃப்டை வளைக்க முனைந்தபோது, பீப்பிள்சாஃப்டின் வாடிக்கையாளர்கள் கலங்கினார்கள். அந்த நிறுவனம் அவர்களுக்கு வெறும் ஆறுதல் சொல்லவில்லை. நிறுவனம் கைமாறி, மென்பொருளுக்கான ஆதரவு குறைக்கப்பட்டால் உரிமக் கட்டணத்தைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை திருப்பித் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது. சுமார் 1,030 கோடி டாலருக்கு 2005 ஜனவரியில் விற்பனை முடிந்தபோது, அந்த வாடிக்கையாளர்கள் கையில் எழுத்து இருந்தது.

எழுத்து இல்லாதவர்களின் கதை ஃப்ரீஹேண்ட். படம் வரையும் அந்த மென்பொருள் அடோபியின் இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர்ப் போட்டி. 1994-இல் அடோபியும், ஃப்ரீஹேண்டை விற்றுவந்த ஆல்டஸும் இணைந்தபோது, அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்டு ஃப்ரீஹேண்டை அதை உருவாக்கிய ஆல்ட்சிஸ் நிறுவனத்திடமே திருப்ப வைத்தது. அங்கிருந்து அது மேக்ரோமீடியாவிடம் போனது. 2005-இல் மேக்ரோமீடியாவையே அடோபி சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கியது. 2007-இல் ஃப்ரீஹேண்டை இனி வளர்ப்பதில்லை என்று அறிவித்தது. கொதித்த பயனாளர்கள் சங்கம் அமைத்து, 2011-இல் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கு 2012-இல் சமரசத்தில் முடிந்தது. புதிய ஃப்ரீஹேண்ட் வரவே இல்லை.

நேரத்தோடு எழுந்த எதிர்ப்புக்குக் கிடைத்த பலன் வேறு. அடோபி 2,000 கோடி டாலருக்கு டிசைன் மென்பொருள் நிறுவனமான ஃபிக்மாவை வாங்கப்போவதாக 2022 செப்டம்பரில் அறிவித்ததும் டிசைனர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியப் போட்டி அமைப்புகள் ஒப்பந்தம் முடியும் முன்பே விசாரித்து ஆட்சேபம் எழுப்பின. 2023 டிசம்பரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடோபி 100 கோடி டாலர் முறிவுத் தொகை கட்டியது. விற்பனை முடியும் முன் பேசினால் கேட்க ஆள் உண்டு. முடிந்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் உரிமக் காகிதம் மட்டுமே.

இந்தியாவிலும் அதே நிலைதான். நிறுவன இணைப்புகளை இந்தியப் போட்டி ஆணையம் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 5, 6 பிரிவுகளின் கீழ் ஆராய்கிறது. இணைப்பு நடைமுறைக்கு வந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் தானாகக்கூட அதை விசாரிக்கத் தொடங்க முடியாது என்று 20-ஆம் பிரிவு தடுக்கிறது. சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாக 4-ஆம் பிரிவில் தகவல் கொடுக்க, 2023 திருத்தத்துக்குப் பின் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் சந்தை எது, ஆதிக்கம் எவ்வளவு என்று காட்டும் சுமை பெரிது. ஒற்றைக் கணினி வைத்துத் தொழில் செய்பவருக்கு அது ஏற்ற பாதை இல்லை.

எஞ்சுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அங்கே வாசலிலேயே ஒரு தடை இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் 2(7) பிரிவின்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஒரு நிறுவனம் தன் ஆவணப் பணிகளை எளிதாக்க வாங்கிய மென்பொருளுக்கு லாபத்தோடு தொடர்பு உண்டு, அது வணிக நோக்கமே என்று 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைக்கப்போவது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கென்றே பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவரை அந்தத் தடையிலிருந்து சட்டம் விலக்குகிறது. கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தட்டச்சு இயந்திரத்தை வாங்கித் தானே தட்டச்சு செய்பவர், காரை வாங்கித் தானே டாக்சி ஓட்டுபவர் நுகர்வோரே. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனத்துக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. திரையில் கட்டம் கட்டமாக மயில்கண்ணையும் அன்னபட்சியையும் தானே போட்டு, அட்டையையும் தானே அடிப்பவர் முதல் வகையில் வருவார். ஆறேழு பேரைச் சம்பளத்துக்கு வைத்து அவர்கள் கையில் கணினியைக் கொடுத்திருப்பவர் வரமாட்டார். வாசகர் எந்த வகை என்பது கேள்வியில் இல்லை. வழக்கறிஞரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த விலக்கு, வாங்கிய சரக்கைப் பற்றிப் பேசுகிறது, சேவையைக் குறிப்பிடவில்லை. கடையில் விற்கும் ஆயத்த மென்பொருள் சரக்கே என்று 2004-இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது விற்பனை வரி வழக்கு. இருந்தாலும் ஒரே தடவை பணம் கட்டி வாங்கியவருக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்கக்கூடும். சந்தாவுக்கு மாறிவிட்டால் அந்த வாதம் பலவீனமாகும்.

இனி தாமதம். நுகர்வோர் புகாருக்கு 69-ஆம் பிரிவு தரும் காலம் இரண்டு ஆண்டு. ஆக்டிவேஷன் மறுக்கப்பட்ட நாளிலிருந்துதான் காலம் ஓடுகிறது என்று வாசகர் தரப்பில் வாதிடலாம். மின்னஞ்சல் வந்த அன்றே ஓடத் தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அந்தக் கணக்குப்படி ஒன்றரை ஆண்டு கரைந்துவிட்டது. மீதி ஆறு மாதம். மின்னஞ்சல் வந்த அன்றே பதிவுத் தபாலில் ஒரு ஆட்சேபக் கடிதம் போட்டிருந்தால் செலவு நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. அதைச் செய்யாமல் வாட்ஸப் குழுவில் பெரிய நிறுவனத்தைத் திட்டுவதும், தேவை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதும் எந்த நுகர்வோர் ஆணையத்திலும் காரணமாக நிற்காது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். கணினி ஓடிக்கொண்டிருந்ததால் கவலைப்படவில்லை என்பதைத் தக்க காரணமாக ஏற்பார்கள் என்று நம்பியிருக்கக் கூடாது.

காகிதம் இல்லாதது தாமதத்தைவிட மோசம். பாவு நூலுக்கும் ஜரிகைக்கும் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்தும் தொழிலில், ஒன்றே முக்கால் லட்ச ரூபாய்ப் பொருளின் பில்லைத் தொலைப்பது மன்னிக்கும்படியானதல்ல. ஆயுளுக்கும் என்று டீலர் சொன்ன வாய்வார்த்தையை அவர் மறுத்தால் அதோடு சரி. அதே வாக்கியம் விளம்பரத் தாளிலோ கொட்டேஷனிலோ இருந்தால் கதை வேறு. பில் தொலைந்தாலும் தேட வேண்டியவை உண்டு: பணம் போன வங்கிக் கணக்கு விவரம், டீலர் அனுப்பிய மின்னஞ்சல், சீரியல் நம்பர் ஒட்டிய பெட்டி, மென்பொருளை ஏற்றும்போது திரையில் வரும் உரிம வாசகம், பழைய கணினியின் ஹார்டு டிஸ்க். ஜி.எஸ்.டி. எண் கொடுத்து வாங்கியிருந்தால் டீலரின் கணக்கில் பதிவு இருக்கும், நகல் கேட்கலாம். ஆனால் அப்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்திருந்தால் வணிக நோக்கம் என்ற வாதத்துக்கு எதிர்த்தரப்பு அதையும் பயன்படுத்தும். திரையில் வந்த பிழைச் செய்தியைத் தேதியோடு படமெடுத்து வைக்க வேண்டும். மின்னணு ஆவணங்களுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் 63-ஆம் பிரிவின் சான்றிதழையும் தயார் செய்வது நல்லது. பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டிருந்தால் பாதிச் சாட்சியம் அங்கேயே போயிற்று.

குறுக்குவழி வேண்டவே வேண்டாம். ஆக்டிவேஷனை உடைத்துத் தருகிறேன் என்று வருபவரை உள்ளே விட்டால், குறை சொல்ல வந்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். திருட்டு நகல் மென்பொருளை அறிந்தே கணினியில் பயன்படுத்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. முறையாக வாங்கியவர் காப்பு நகல் வைத்துக்கொள்ள 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பூட்டை உடைக்க அது உரிமம் ஆகாது.

கேட்க வேண்டிய பரிகாரமும் அளவாக இருக்க வேண்டும். பழைய மென்பொருளைத் தொடர்ந்து வளர்க்கும்படி எந்த ஆணையமும் உத்தரவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆக்டிவேஷன் தேவைப்படாத நகலைக் கொடு, இல்லையேல் பணத்தைத் திருப்பு, டிசைன் கோப்புகளைப் பொது வடிவில் எடுத்துக்கொள்ள வழி செய் என்பவை நியாயமான கோரிக்கைகள். முடியாத காரியமும் இல்லை: அடோபி தன் சி.எஸ்.2 மென்பொருளின் ஆக்டிவேஷன் சர்வரை மூடியபோது, 2013-இல் ஆக்டிவேஷன் கேட்காத நகலை ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக வெளியிட்டது.

கட்டிய தொகை ஐம்பது லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வாசகர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது; இணையவழியிலும் முடியும். உரிமத்தில் காரணமின்றி ரத்து செய்யலாம், வாடிக்கையாளர் சம்மதமின்றி அவருக்குப் பாதகமாக ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றலாம் என்ற வாசகங்கள் இருந்தால், அவற்றை 2(46) பிரிவின் நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்கலாம். அந்தக் கோரிக்கை போகுமிடம் மாநில ஆணையம். உரிம வாசகத்தில் வழக்கு நடக்கும் இடம், நடுவர் தீர்ப்பு பற்றிய பிரிவுகள் இருந்தால் அவற்றையும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

இந்தப் பதில் கேள்வியில் கண்ட விவரங்களை மட்டும் வைத்துச் சொன்னது. உரிம வாசகத்தைப் படிக்காமல் ஜெயிக்கும், தோற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாசகர் கிடைத்த காகிதங்களோடு இந்த வாரமே நுகர்வோர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பார்த்து, மூன்று தரப்புக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருந்தாலோ, பெண்ணாகவோ பட்டியல் இனத்தவராகவோ இருந்தாலோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அழைக்க வேண்டிய எண் 15100.