‘டிக்’ சத்தம் சொல்லும் பாடம்

ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியைப் பார்ப்பது சுலபம். நாலு தடவை ஸ்டார்ட் ஆகி, அஞ்சாவது தடவை மக்கர் பண்ணுகிற வண்டிதான் நம் பொறுமையைச் சோதிக்கும். ஆனைக்குட்டத்தில் நான் பார்த்த ஒரு பழைய மாருதி 800 அந்த ரகம். சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், இன்ஜின் சுற்றாது. வண்டிக்காரர் புது பேட்டரியே போட்டுவிட்டார். அடுத்து செல்ஃப் மோட்டாரையும் மாற்றச் சொன்னார்களாம்! பட்டாசு ஆலைகள் சூழ்ந்த பகுதியில், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டிய வண்டி இப்படி இருக்கலாமா?

‘டிக்’ என்றால் சாலினாய்டு இழுக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும். மோட்டார் சுற்றவோ 100 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். அந்த வழியில் 0.03 ஓம் தடை இருந்தாலே, ஓம் விதிப்படி 3 வோல்ட் அங்கேயே போய்விடும்.

“மீட்டரில் ஓம் அளந்தால் தெரியாதா?” என்று கேட்பீர்கள். சாதாரண மல்டிமீட்டர் அவ்வளவு சிறிய தடையைச் சரியாகக் காட்டாது. ஆகவே லோடு இருக்கும்போது வோல்ட் அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவரைச் சாவி திருகச் சொன்னேன். மக்கர் பண்ணும் நேரத்தில் அளந்தேன்:

1. பேட்டரி முனைகளில் 10.8 வோல்ட். (9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.)
2. பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டார் முனைக்கும் இடையே 0.2 வோல்ட். பரவாயில்லை.
3. பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 2.6 வோல்ட்!

அகப்பட்டது கள்ளன். கியர்பாக்ஸில் எர்த் ஒயர் பிடிக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு. அதிர்விலும் சூட்டிலும் தொடுவதும் விடுவதுமாக இருந்திருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்கினேன். மறுபடி அளந்தால் 0.1 வோல்ட். வண்டி ஒவ்வொரு முறையும் பிடித்தது. செலவு ஒரு எமரித் தாள்!

மூன்று அளவும் சரியாக இருந்தும் சுற்றாவிட்டால்தான் செல்ஃப் மோட்டாரின் கார்பனையும் சாலினாய்டு காண்டாக்ட்டையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்து கிளப்பும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் தீப்பொறி பறக்கும். கருமருந்து இருக்கும் இடத்தருகே அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். முதலில் வண்டியைத் தூரமாகத் தள்ளிவிடுங்கள்.

அளந்து பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள்!