பிளக்கில் சொருகும் முன் ஒரு கணக்கு: கடலூர் வீடுகளுக்கு 10 மின் குறிப்புகள்

உப்புக்காற்று, புயல், வெள்ளம் மூன்றும் கடலூர் மாவட்டத்துக்குப் பழக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்படிப்பட்ட ஊரில் வீட்டு மின்சாரத்தைக் கணக்குப் போட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் வந்தால் போதும்.

1. அடிப்படைக் கணக்கு இரண்டு. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது மின்திறன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. இந்த இரண்டாவது கணக்கு, ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 4 ஆம்பியர் இழுக்கும் அயர்ன் பாக்ஸின் திறன் 920 வாட், மின்தடை 57.5 ஓம். மோட்டார் உள்ள சாதனங்களில் உண்மையான வாட் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்.

2. வாட்டை 230-ஆல் வகுங்கள். பெரும்பாலான சாதனங்களில் வாட் மட்டுமே அச்சிட்டிருப்பார்கள். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர், அதாவது 1380 வாட். சிதம்பரம், அண்ணாமலைநகர்ப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கெட்டில், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் 16 ஆம்பியர் பவர் பாயிண்டில்தான்.

3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூட்டிப் பாருங்கள். ஓட்டை நான்கு இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே வயர்தான். 750 வாட் மிக்சியும் 1500 வாட் கெட்டிலும் சேர்ந்து ஓடினால் 2250 வாட். கிட்டத்தட்ட 10 ஆம்பியர். 6 ஆம்பியர் பாக்ஸ் இதைத் தாங்காது, வயர் உருகும்.

4. வயரின் கனத்தில் சிக்கனம் வேண்டாம். வயருக்கும் மின்தடை உண்டு. 2000 வாட் கீசருக்கு 20 மீட்டர் தூரம் வயர் இழுத்தால், போக வர 40 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் இது சுமார் 0.7 ஓம், இரண்டரை எம்.எம். வயரில் 0.3 ஓம். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, ஓமால் மறுபடி பெருக்கினால் வீணாகும் வெப்பம் தெரியும். மெல்லிய வயரில் 50 வாட்டுக்கு மேல் சுவருக்குள்ளேயே சூடாக வெளியேறும். கனமானதில் 23 வாட்தான்.

5. பிளக் சுட்டால் உடனே கழற்றுங்கள். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று பிளக்கின் பித்தளையை அரிக்கும். அரித்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை கூடினாலும், கீசர் இழுக்கும் 8.7 ஆம்பியரில் 38 வாட் வெப்பம் அந்தச் சிறு புள்ளியில் குவியும். பிளக் கருகுவது இதனால்தான். ஆண்டுக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியனை வைத்து ஸ்க்ரூக்களை இறுக்கி, பழுதான பாயிண்டுகளை மாற்றுங்கள்.

6. லோ வோல்டேஜில் மோட்டாரை நிறுத்துங்கள். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால், மேலே சொன்ன அயர்ன் பாக்ஸ் தருவது சுமார் 560 வாட்தான். சூடு குறையும்; வேறு கெடுதல் இல்லை. ஃப்ரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் அப்படியல்ல. வோல்டேஜ் குறையக் குறைய அதிக ஆம்பியர் இழுத்துக் காயில் கருகும். விளக்கு மங்கினால் முதலில் அவற்றை அணையுங்கள்.

7. மீட்டர் விளக்கின் சிமிட்டலை எண்ணுங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், ஒரு நிமிடத்தில் விழும் சிமிட்டலை 18.75-ஆல் பெருக்குங்கள், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டினால், எங்கோ கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

8. ஃபேனையும் கணக்கில் சேருங்கள். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 67.5 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 27 யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

9. புயலுக்கு முன் இன்வெர்ட்டர் கணக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கும். இழப்பு போக 1200 என்று வையுங்கள். 75 வாட் ஃபேன் இரண்டும் 9 வாட் பல்பு நான்கும் 186 வாட். ஆறரை மணி நேரம் வரும். ஃபேன்கள் 30 வாட் ஆனால் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும்.

10. ஈரத்தில் கை வைக்காதீர்கள். நனைந்த உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230-ஐ அதனால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க அது போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.-யை எர்த்துடன் சேர்த்துப் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். வெள்ளநீர் புகும் முன் மெயினை அணையுங்கள். வடிந்த பிறகு, சுவரும் பாயிண்டும் காய்ந்து, எலெக்ட்ரீஷியன் சோதித்த பின்பே போடுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் அருகில் போகாமல், யாரையும் போகவிடாமல், மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு, 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.